சீனாக் கீரைக்கு ஊருணித் தண்ணீர்

அப்பா மலேசியாவிலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்த அன்று, அவருடைய பெட்டியைச் சுற்றி எங்கள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே சாமி சிலை இருக்கிறது என்று யாரும் நினைத்திருப்பார்கள். இரண்டு போர்வைகள் வந்தன. தலைவலித் தைலம் ஒரு டஜன் வந்தது. எனக்குக் காந்தம் வைத்த பென்சில் டப்பா வந்தது. அடியில், செய்தித்தாளில் சுற்றிய அகலமான வெட்டுக்கத்தி ஒன்றும், பச்சைப் படம் போட்ட சின்னச் சின்னப் பாக்கெட்டுகளும் இருந்தன. பெரியம்மா ஒரு பாக்கெட்டை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, சோப்புத் தூளா?"

"கீரை வெத, மதினி."

"கீரை வெதைக்கா தம்பி கடல் தாண்டிப் போனீக?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் போர்வைகளை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பெரியப்பா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அதனால் எங்கள் வீட்டில் நடந்த எதற்கும் பெரியம்மாவின் அபிப்பிராயம் உடனுக்குடன் கிடைத்துவிடும்.

அப்பா மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சீனர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தார். நான் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார். விடுமுறைக்கு வந்த சில வாரங்களைக் கழித்துவிட்டால், அப்பா என்பது எனக்கு அதுவரை போனில் வரும் ஒரு குரல். "நல்லாப் படிக்கிறியா ஆத்தா?" என்று கேட்கும். "ம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அந்தக் குரலுக்குக் கையும் காலும் முளைத்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. முதல் வாரம் வெட்கப்பட்டேன். இரண்டாவது வாரம் அவர் போன இடமெல்லாம் போனேன்.

அவர் போன இடங்களில் ஒன்று காரைக்குடிப் பக்கத்தில் இருந்த ஹோட்டல். ஒரு பெரிய செட்டியார் வீட்டைப் புதுப்பித்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும்படி செய்திருந்தார்கள். சமையல்கட்டில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் அப்பா போனார். வேலை இல்லை என்றார்கள். ஆனால் அங்கே சமையலுக்குப் பொறுப்பாக இருந்த மதுரைக்காரர் அப்பாவை டீ குடிக்க உட்கார வைத்துப் பேசினார். வெள்ளைக்காரர்கள் வந்த முதல் நாள் நம் கோழி வறுவலை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள், மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரமில்லாமல் பச்சையாக ஏதாவது வதக்கிக் கொடுங்கள் என்கிறார்கள், அதற்கென்று சீனாக் கீரை சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறது, வந்து சேரும்போது துவைத்துப் பிழிந்த துணியாக இருக்கிறது என்று சொல்லி அலுத்துக்கொண்டாராம்.

"நீங்க பக்கத்துலயே போட்டுக் குடுத்தா வாராவாரம் நானே எடுத்துக்கிறேண்ணே."

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா அதை அம்மாவிடம் சொன்னார். ஈப்போ முதலாளி திரும்ப வரச் சொல்லியிருக்கிறார், காரைக்குடி ஏஜென்ட் கார்த்திகை வரைக்கும் காத்திருப்பார், ஆனால் இந்தக் கீரை மட்டும் நம் கொல்லையில் பிடித்துக்கொண்டால் நான் இனி எங்கேயும் போகவில்லை என்றார். அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. நான் தட்டில் இருந்ததை எல்லாம் யாரும் சொல்லாமலே சாப்பிட்டு முடித்தேன். கீரை விளைந்தால் அப்பா இருப்பார் என்பது எனக்கு அன்றைக்கே தெளிவாகிவிட்டது. அதற்கு மேல் அந்தக் கீரையைப் பற்றி எனக்கு எந்த அக்கறையும் கிடையாது.

அப்பாவுக்குக் கீரையை வெட்டத் தெரியும். அடித்தண்டைத் தனியாக, இலையைத் தனியாக, எந்தத் தடிமனில், எவ்வளவு வேகத்தில் என்பதெல்லாம் தூக்கத்தில்கூடத் தெரியும். அது மண்ணிலிருந்து எப்படி வருகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் சீன எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் தாலுகாவிலேயே யாரும் இல்லாததால் அப்பா பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா எத்தனையோ போகம் கண்டவர், வானம் பார்த்த பூமியில் தலை நரைத்தவர். அவர் பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடிப்பெருக்கு அன்னைக்குப் போடு. வெத எந்த நாட்டுதா இருந்தா என்னடா, மண்ணு நம்ம மண்ணுதான?"

அப்படியே போட்டோம். முருங்கை மரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் அப்பா பாத்தி கட்டினார். ஆடிப்பெருக்கு அன்று அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டாள். எங்கள் வீடுகளில் ஆடி விதைப்பில் கையை இழுத்துப் பிடிக்கிற வழக்கமில்லை. பையைத் தலைகீழாக உதறிவிட்டுத்தான் மடிப்பார்கள். அப்பா ஒரு பாக்கெட்டையாவது எடுத்து வைக்கலாம் என்று கையை மூடியபோது பெரியப்பா முகத்தைச் சுளித்தார். நாத்து வருவதற்கு முன்பே சந்தேகப்படுவதா என்று கேட்டார். அப்பா கையைத் திறந்துவிட்டார். வந்த பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே காலையில் மண்ணுக்குள் போயின.

முளைத்தது. மூன்றாம் நாளே வரிசை வரிசையாக முளைத்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடுவேன். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பக்கத்தில் உட்காருவேன். ஈப்போ கடையில் சீன முதலாளி எப்படித் திட்டுவார் என்று அந்தக் குரலிலேயே செய்து காட்டுவார். அந்தச் சாயங்காலங்கள் போல எனக்குப் பிறகு அமையவில்லை.

இலைகள் உள்ளங்கை அளவு வந்தபோது ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. எங்கள் கொல்லையில் இருந்தது போர் தண்ணீர். அதில் துவைத்தால் சோப்பு நுரைக்காது, குளித்தால் தலைமுடி சிக்கு விழும். அந்த உப்பு முருங்கைக்கும் வாழைக்கும் பழகிப் போயிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர்தான். எங்கள் பக்கம் ஊருணியில் காலைக்கூட வைக்க விடமாட்டார்கள். அது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும். மாடு இறங்கக் கூடாது, துணி அலசக் கூடாது, செடிக்கு ஊற்றுவதற்கு அதிலிருந்து ஒரு சொம்பு எடுத்தால்கூட ஊர் கூடிப் பேசும்.

அப்பாவுக்கு அது மறந்துபோயிருந்தது. சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார். ஊருணியைப் பார்த்துக்கொள்ள ஊர் வைத்திருந்தவர் வேம்பு நிழலிலிருந்து எழுந்து வந்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார். அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதில் பெருமையும் உண்டு.

"சனம் குடிக்கிற தண்ணிய கீரைக்கா ஊத்தப் போறீக? நல்லா இருக்கு உங்க மலேசியா நாயம்!"

வெறுங்குடத்தோடு வந்த அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாத்தி ஓரம் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் சைக்கிள் ஊருணிப் பக்கம் போனாலே அந்த ஆள் எழுந்து நிற்பாராம். அம்மா பாத்தியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், குடத்தை எடுத்தாள்.

"விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

பொம்பளைகள் கூட்டத்தோடு கூட்டமாக இடுப்பில் குடத்தோடு வருகிறவளை யாரும் எண்ண மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. கொஞ்ச நாளில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அம்மா விருந்தாளிகளை உண்டாக்கினாள். ஒக்கூரிலிருந்து மாமா வந்திருக்கிறார், அவரோடு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், எனக்குக் காய்ச்சல், ஊறுகாய் போடுகிறோம், வீட்டைக் கழுவிவிட்டுப் பூசை வைக்கிறோம். அந்த இரண்டு மூன்று மாதங்களில் வராமலே வந்த அத்தனை விருந்தாளிகள் எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பெரியம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"ஏத்தா, வீட்டுல யானை எதுவும் கட்டி வச்சிருக்கியா? இம்புட்டுத் தண்ணி எங்குட்டுப் போகுது?"

அம்மா விடிவதற்கு முன்பே ஊருணிக்குப் போய்விடுவாள். நான் எழுந்திருக்கும்போது அவள் சேலையின் இடுப்புப் பக்கம் நனைந்திருக்கும். பிறகு சமையல். பிறகு நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போவாள். சாயங்காலம் வந்ததும் திரும்பக் குடம். வெயில் தாங்காமல் கீரை துவண்டபோது தன் பழைய சேலைகளைக் கம்பு நட்டுப் பந்தலாகக் கட்டினாள். குடிப்பதற்கு அவள் எதை மிச்சம் வைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டை வைத்துவிட்டு, அவரைக்காய் நறுக்கிய கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அப்பா பேசிக்கொண்டே இருப்பார். ஹோட்டல் இந்தக் கீரையை எடுத்துக்கொண்டால் அடுத்த ஹோட்டலும் கேட்கும், பெரியப்பாவின் தோட்டத்திலும் போடலாம் என்பார். அம்மா "ம்" என்பாள். அந்த வருடம் அவள் பேசிய பேச்சில் பாதி அந்த "ம்"தான். அப்பா வீட்டில் இருக்கும்போது அம்மா ஏன் இப்படிச் சுரத்தில்லாமல் இருக்கிறாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆவணி கடைசியில் ஒருநாள் கீரையின் நடுவிலிருந்து தண்டு கிளம்பியது. இரண்டு நாளில் அது முழங்கால் உயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரியம்மா வந்து இரண்டு கொத்துப் பறித்துக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு வைத்தார். அப்பா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, பூத்த கீரையைக் கடையில் கண்டால் முதலாளி கூடையோடு வெளியே தள்ளிவிடுவார் என்று மெதுவாகச் சொன்னார். இந்த முறை குரல் மாற்றிச் செய்து காட்டவில்லை.

இருந்தாலும் ஒரு கட்டுப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஹோட்டலின் பின்வாசல் வழியாகப் போனோம். மதுரைக்காரர் என் கையில் ஒரு துண்டு கேக்கைக் கொடுத்துவிட்டு, ஒரு தண்டை ஒடித்துக் கடித்தார். நார் உரிந்து வந்தது. கடித்ததைத் துப்பப் போனவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டார்.

"கசக்குதுண்ணே. நார் வேற. எப்பப் போட்டீங்க?"

"ஆடியில."

"ஆடியிலயா! இது குளிருக்கு வர்ற செடிண்ணே. சூடு பட்டா உடனே பூத்துரும். கார்த்திகை பொறக்கவும் போடுங்க. மார்கழி, தையிலதான் எங்களுக்கும் கூட்டம். அப்பக் கொண்டாங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்."

திரும்பி வரும்போது அப்பா கீரைக் கட்டை மடியிலேயே வைத்திருந்தார். பஸ் நிறுத்தத்தில் இரண்டு ஆடுகள் வந்து முகர்ந்தன. அப்படியே அவற்றின் முன்னால் வைத்துவிட்டார். ஆடுகளுக்குக் கசப்பு ஒன்றும் தெரியவில்லை. நான் கேக் சாப்பிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். கார்த்திகையில் போட்டால் வரும் என்று அந்த மாமா சொல்லிவிட்டாரே, பிறகு என்ன?

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"என்ன சொன்னாக?"

"கார்த்திகையில போடச் சொல்றாரு. அப்ப வந்தா நிச்சயம் எடுத்துக்கிறேன்னாரு."

"வெதைக்கு எங்குட்டுப் போறது? எல்லாத்தையும்தான் ஆடியில கொட்டியாச்சே?"

"பூத்துருச்சுல்ல, வெதைக்கு விட்டுருவோம். காய் முத்தி நெத்தாகிற வரைக்கும் தண்ணி ஊத்துறது மட்டும் நிக்கக் கூடாது."

அம்மா இறக்கி வைத்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

புரட்டாசி முழுக்க, ஐப்பசியிலும் பாதி நாள், சாப்பிட முடியாத அந்தச் செடிகளுக்கு அம்மா ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். நெத்துகள் காய்ந்தபோது அணில் பாதியைத் தின்றது, மிச்சத்தில் பாதி வெடித்து மண்ணில் விழுந்தது. அப்பாவும் நானும் துணியை விரித்து உதிர்த்து எடுத்ததில் ஒரு சின்ன மருந்துப் பாட்டிலில் பாதி கிடைத்தது. பார்த்தால் அச்சு அசல் கடுகு. கொஞ்சம் செம்மை ஓடியிருக்கும், அவ்வளவுதான். கொல்லைக்கு அது போதும் என்றார் அப்பா. ஈரம் படாத இடம் அடுப்படிதான் என்று, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் கொண்டுபோய் வைத்தார். அம்மாவுக்கும் எனக்கும் கை எட்டாத உயரம் அது. தெரியாமல் யாரும் தட்டிவிடக் கூடாது என்றுதான் அங்கே வைத்தார்.

அந்த வருடம் மழை பெயருக்குப் பெய்துவிட்டுப் போனது. ஊருணியில் நான் பார்த்தே இராத படிகள் வெளியே வந்தன. ஊர் கூடி, ஒரு வீட்டுக்குக் காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம் என்று கட்டுப்பாடு வைத்தது. இனி எந்த விருந்தாளியும் வர முடியாது. அப்பா யோசித்தார். வலையபட்டிக்குப் போகும் வழியில் ஒரு பழைய கிணறு இருக்கிறது, தண்ணீர் இனிப்பு, தோட்டக்காரரிடம் சொல்லிவைத்தால் பொம்பளைகள் போய் எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றார். நடந்தால் எவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டாள். பக்கம்தான் என்றார் அப்பா. சைக்கிளில் போய்ப் பார்த்தவர் அவர். அம்மா "ம்" என்றாள்.

ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. அப்பா தெளிவாகச் சொன்னார், "நான் வரலண்ணே, இங்குட்டே பாத்துக்கிறேன்" என்று. கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் குதித்தேன். கார்த்திகை பிறந்து முதல் திங்கட்கிழமை விதைப்பதாக முடிவானது. இந்த முறை பெரியப்பாவைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். ஆனால் அவரை விட்டுவிட்டுச் செய்வதாக இருக்கக் கூடாது என்று, முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டார் அப்பா.

அன்றைக்கு அம்மா நிறையச் சமைத்திருந்தாள். சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு, கோஸ், மோர்க்குழம்பு. எல்லாவற்றிலும் தாளிப்பு தாராளமாக இருந்தது. உருளைக்கிழங்கில் கிழங்கு தெரியாத அளவுக்குக் கறுப்பாக இருந்தது. ரசத்தை ஊற்றியதும் பெரியப்பா தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்னத்தா, இன்னைக்குக் கடுகு இலவசமா?"

அம்மா சிரித்தாள் என்று நினைக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும், நாளைக்குப் போடப் போகிற விதையை அண்ணனிடம் காட்டலாம் என்று அப்பா கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பாட்டில் கழுவி, ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்திருந்தார். கூடத்தில் எப்போதும் கிடக்கும் முக்காலி அடுப்புக்குப் பக்கத்தில், பலகைக்கு நேர் கீழே கிடந்தது.

"இந்தா. இதுல இருந்தது எங்க?"

மோர்க்குழம்புக் கரண்டியோடு அம்மா வாசற்படியில் நின்றாள்.

"எது, அந்தக் கடுகா?"

"கடுகில்ல அது."

"கடுகுன்னு நெனச்சுத் தாளிச்சுட்டேங்க."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் வாயைத் திறந்தால் அது அன்று சாயங்காலத்துக்குள் ஊருணிப் படி வரைக்கும் போய்ச் சேரும். அப்பா முக்காலியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா சிரிக்கத் தொடங்கினார். சாதாரணச் சிரிப்பு இல்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கூடத்துக்கு வந்து, கழுவிய கையோடு திரும்பத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணே, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க. மதினி, நீங்களுந்தான். மலேசியாக் கடுகு! எந்த ஊருல கிடைக்கும் இப்படி ஒரு ரசம்? கெட்டிக்காரி, எம்புட்டுக் கவனமாச் சமைக்கிறா பாருங்க!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் ஓவென்று அழுதேன். அழுத என்னைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஏஜென்டிடம் திரும்பப் பேசி, தை பிறந்ததும் அப்பா ஈப்போவுக்குப் போனார். திரும்பவும் போனில் ஒரு குரலானார்.

மலேசியாக் கடுகு எங்கள் சொந்தத்தில் நிலைத்துவிட்டது. காதுகுத்து, கல்யாணம் எதுவாக இருந்தாலும் பந்தியில் ரசம் வந்தால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். என் கல்யாணத்திலும் பெரியம்மா சொன்னார். அம்மா ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பவளைப் போல இலையைப் பார்த்துச் சிரிப்பாள். நல்ல வேளையாக அப்பா அந்த முறை போன சில வருடங்களில் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். கொல்லையில் கீரை என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இப்போது நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்பைப் பற்ற வைக்கிறவள். எண்ணெய் காய்ந்ததும் கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போகிறது. பார்ப்பதே இல்லை. அரைத் தூக்கத்தில்கூட அந்தக் கை தவறியதில்லை. ஒருநாள் அப்படித் தாளித்துக்கொண்டிருந்தபோது, கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். சட்டியில் கடுகு தீய்ந்துபோனது.

கைக்கெட்டும் தூரத்தில் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகு நிறைய இருக்க, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பலகையிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்து யாராவது தாளிப்பார்களா? அஞ்சு பதார்த்தத்துக்கும் அதையே போட்டுத் தீர்த்துவிட்டுப் பாட்டிலையும் கழுவிக் கவிழ்ப்பார்களா? என்னால் முடியவில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், தண்ணீர் தூக்க அலுத்துப்போய்ப் புருஷனைக் கடல் தாண்டி அனுப்பியவள் என்று காலத்துக்கும் அவள் பெயர் ஆகியிருக்கும். அவளே தன்னை அப்படி நினைத்திருப்பாள். அவர் போய்விட வேண்டும் என்று அவள் ஒருநாளும் விரும்பவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் இருக்க வேண்டும், அந்தக் குடம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க எங்கள் ஊரில் அந்த வருடம் வழியில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்றால் யார் மேலும் குற்றமில்லை. அப்பா முக்காலியைப் பார்த்த அந்தக் கணத்திலேயே எல்லாம் புரிந்துகொண்டார். பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் சிரித்து, அதை ஒரு வேடிக்கையாக்கிவிட்டார். அவர்கள் இருவரும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருவரையும் நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள், விதைத்திருக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை, நான் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அம்மா இன்னும் பாயில் படுத்திருந்தாள். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு வைத்து, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் கால் மேல் விழுந்திருந்தது. அப்பா அடுப்படியில் அந்த அகலக் கத்தியால் வெங்காயம் நறுக்கி எனக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். நான் அம்மாவை எழுப்பப் போனேன்.

"எழுப்பாத ஆத்தா."

"அம்மாவுக்குக் காய்ச்சலாப்பா?"

"இல்ல."

"பெறகு ஏன் தூங்குறாக?"

அப்பா உப்புமாவை என் தட்டில் வைத்தார். எனக்கு அவரே தலை சீவி, கோணல்மாணலாக ஒரு சடை போட்டார். புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பெரிய மரக்கதவு கிறீச்சிடும் என்பதால் இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினார். எனக்கோ உள்ளே போய் அம்மாவை உலுக்கி எழுப்ப வேண்டும்போல இருந்தது. அப்பாவின் விதையை எல்லாம் ரசத்தில் போட்டுவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லாமல், எப்படித்தான் இவளுக்கு இப்படித் தூக்கம் வருகிறதோ என்று பள்ளிக்கூடம் வரைக்கும் பொருமிக்கொண்டே போனேன்.